பாலைவனம் பார்க்க ஆந்திரா எதுக்கு?

பூதலூர்ப் பசங்களுக்கு இப்போ ஒரே கனவு. திடீர்னு பைக்கை எடுத்து, தனியாளா கடப்பா பக்கம் கண்டிக்கோட்டா போய் மலைப்பிளவு பார்க்கணும்; இல்லேன்னா தூத்துக்குடி தேரிக்காட்டுச் செம்மணலில் படம் எடுக்கணும். தாராளமா போங்க.

ஆனா கோடையில் கல்லணையிலிருந்து முக்கொம்பு வரை கொள்ளிடக் கரையோரம் போனவன் எத்தனை பேர்? பாலைவனமும் பள்ளமும் அங்கேயே இருக்கே! கண்டிக்கோட்டாவைக் குடைந்தது பென்னாறு. லட்சக்கணக்கான வருஷ வேலை. கொள்ளிடத்தைக் குடைந்தது பொக்லைன். சில வருஷ வேலை.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் போயின. திருச்சியில் கொள்ளிடம் பழைய பாலமும் இடிந்தது. மணல் அள்ளியதே காரணம்னு விவசாயிகள் அப்பவே சொன்னாங்க.

லாபம் லாரிக்காரனுக்கு, நஷ்டம் வயலுக்கு. எந்த ஊர் கணக்குங்க இது? முதல்ல அந்தப் பள்ளத்தைப் படம் பிடிங்க.