எல்லாமே ஜி3 ஆக வேண்டுமா?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பிரிவுகளின் பெயர்தான் மாறியது, ஆகவே எப்பாடுபட்டாவது பிள்ளையை எல்லாப் பாடத்திலும் மிகக் கடினமான நிலையான ஜி3-க்கு ஏற்றிவிடுங்கள் என்கிறார்கள் பலர். ஏற்க முடியவில்லை.

2024இல் உயர்நிலை ஒன்றில் நுழைந்தவர்களிலிருந்து விரைவு, வழக்கநிலைப் பிரிவுகளே கிடையாது. பொது வகுப்பில் எல்லாரும் கலந்திருப்பார்கள். கணிதத்துக்கு ஒருவன் எளிய நிலையான ஜி1 அறைக்குப் போவான், தமிழுக்கு அவனே ஜி3 அறையில் உட்காரலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழில் ஏஎல்5 என்ற அடைவுநிலை அல்லது அதைவிட நல்ல நிலை பெற்றால் போதும், மொத்த மதிப்பெண் அதைத் தடுக்காது. இதைக்கூடப் பார்க்காமல் பெயர்தான் மாறியது என்றால் எப்படி?

ஜி3 கணிதத்தில் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு இன்னொரு துணைப்பாட வகுப்பு எதற்கு? ஆசிரியரிடம் பேசுங்கள், நிலையை இடையில் மாற்ற வழியுண்டு, ஏறவும் இறங்கவும். பாடத்துக்குப் பாடம் அறையும் முகங்களும் மாறுவதுதான் முதல் சில மாதங்களில் பிள்ளைக்குச் சிரமம். யாரோடு உட்காருகிறாய், எந்தப் பாடம் வேகமாக ஓடுகிறது என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டுத் தீபாவளி விருந்தில் அத்தை, மாமா முன்னால் எத்தனை ஜி3 என்று எண்ணச் சொல்கிறோம் (நம் வீடுகளில் இது தனி விளையாட்டு). 2027 முதல் உயர்நிலைக் கல்வி முடிவில் வரும் பொதுச் சான்றிதழிலோ ஒவ்வொரு பாடமும் அதனதன் நிலையோடுதான் இடம்பெறும்.