கைக்கு அடங்காத போன்

"ஏம்மா, உன் பிள்ளை என்ன சிலேட்டைத் தூக்கிக் காதுல வச்சிக்கிட்டு நிக்கிறான்?"

2012-ல் என் மகன் சாம்சங் கேலக்ஸி நோட் வாங்கி வந்த அன்று என் மாமியார் கேட்டது இது. சாம்சங் என்றால் எங்கள் வாலாஜாபாத்துக்காரர்களுக்கு சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்தான். இந்தப் போன் எங்களுக்குப் புதுசு.

அத்தையைக் குற்றம் சொல்லி என்ன பயன், சகோதரிகளே? 2011 செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் இதைக் காட்டியபோது, விஷயம் தெரிந்த விமரிசகர்களிலேயே பலர் சிரித்தார்கள். அப்போது ஐபோனின் திரை 3.5 அங்குலம், இதுவோ 5.3 அங்குலம்! போனுமில்லை, டேப்லட்டுமில்லை என்று 'ஃபேப்லட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு எழுத ஒரு குச்சி வேறே. விரல் இருக்கக் குச்சி எதற்கு, தொலைந்துதான் போகும் என்று ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007-லேயே பரிகாசம் செய்திருந்தார். நம் நாட்டில் விலை 35,000 ரூபாயை ஒட்டி. யார் வாங்குவார்கள்?

வாங்கினார்களே! 2011 முடிவதற்குள் 10 லட்சம் போன்களைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டதாக சாம்சங் அறிவித்தது. 2012 ஆகஸ்டில் கணக்கு ஒரு கோடியைத் தொட்டது. 2014-ல் ஆப்பிளே 5.5 அங்குலப் போன் கொண்டு வந்தது.

சிரித்தவர்கள் எங்கே தவறினார்கள்? சட்டைப் பைக்குள் போகுமா, ஒரே கையால் பிடிக்கலாமா என்று அளந்தார்கள். கண்ணை அளக்க மறந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அத்தைக்குப் பட்டன் போனில் எழுத்து தெரியாது; தமிழில் தட்டவும் வராது. வெளியூரிலிருக்கும் மகளுக்குத் தன் கையால் எழுதிப் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. ஒருநாள் பேரன் அந்தக் குச்சியைக் கையில் கொடுத்து, "எழுதுங்க பாட்டி" என்றான். கை நடுங்கத் திரையிலே நாலு வரி எழுதினார். அது படமாக மெயிலில் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நாத்தனார் போனில் அழுகிறாள்: "அம்மா கையெழுத்து அண்ணி!" அத்தை இன்று இல்லை. அந்த நாலு வரியை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பெரிசெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. அதே வரிசையில் 2016-ல் வந்த நோட் 7, பேட்டரி தீப்பிடித்ததால் உலகமெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதே செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த விமானத்தில் ஒரு பழைய நோட் 2 புகைந்தது. நல்லவேளை, யாருக்கும் ஆபத்தில்லை. எந்தப் போனானாலும் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

இன்று கடையிலிருப்பதெல்லாம் பெரிய போன்தான். வாங்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் எட்டவில்லையா? இரண்டு கையாலும் பிடியுங்கள். மணிக்கட்டுக்குச் சிரமம் குறையும். வீட்டுப் பெரியவர்களுக்கென்றால் அவர்களையே அழைத்துப் போய், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கச் சொல்லுங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டுமே! யாருக்காக வாங்குகிறோமோ அவர்கள் கண்ணும் கையும் சொல்வதுதான் தீர்ப்பு.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்களேன்.