வாசலிலேயே முடிந்துவிடும் தேர்தல்

2018 ஜூன் மாதம் நியூயார்க்கின் 14-ஆவது தொகுதியில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த ஜோசப் கிரௌலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் என்ற இளம்பெண் தோற்கடித்தார். உலகம் வியந்தது. ஆனால், ஏறத்தாழ ஏழு லட்சம் மக்கள் வாழும் அத்தொகுதியில் இருவரும் சேர்ந்து பெற்ற வாக்குகள் 30 ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அது பொதுத்தேர்தலும் அன்று. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். அக்கட்சியின் கோட்டையான அத்தொகுதியில் நவம்பர் மாதப் பொதுத்தேர்தல் வெறும் சடங்காகவே நடந்தேறியது.

நம் நாட்டில் வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையிடமிருந்து வருகிறது. அமெரிக்காவிலோ வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றனர். கேட்பதற்கு நம்முடையதைவிட மேலான முறைதான். ஆனால், எந்த வாக்காளர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே முதனிலைத் தேர்தலில் வாக்குரிமை உண்டு. அமெரிக்கர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்களை எக்கட்சியையும் சாராதவர்கள் என்றே கருத்துக்கணிப்புகளில் கூறிவருகின்றனர். இத்தேர்தலைப் பெரும்பாலும் அரசே மக்களின் வரிப்பணத்தில் நடத்துகிறது. செலவில் பங்குண்டு, தேர்வில் பங்கில்லை.

பொருளியல் வகுப்புகளில் ஹரால்ட் ஹோட்டலிங் 1929-இல் எழுதிய கட்டுரையை நான் ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். ஒரே கடைத்தெருவில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டும் நடுப்பகுதியை நோக்கியே நகரும் என்பது அதன் சாரம். 1957-இல் ஆந்தனி டௌன்ஸ் இதைத் தேர்தலுக்குப் பொருத்தி, இரு கட்சிகளும் நடுவில் நிற்கும் வாக்காளரையே நாடும் என்றார். அப்படியானால் அமெரிக்கக் கட்சிகள் ஏன் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றன? மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கோட்பாட்டில் உள்ள 'நடு' எந்தத் தெருவின் நடு என்பதைப் பார்க்க வேண்டும். 2022-இல் முதனிலைத் தேர்தல்களில் வாக்களித்தோர், தகுதியுடையவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. வெற்றி அங்கேயே உறுதியாகிவிடும் தொகுதியில், வேட்பாளர் அந்தச் சிறுகூட்டத்தின் நடுவைத் தேடுவாரே தவிர ஊரின் நடுவைத் தேடமாட்டார்.

இதற்குச் சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானத்தைக் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேர் ஆதரித்தனர். நால்வர் அடுத்த தேர்தலில் போட்டியிடவே இல்லை. போட்டியிட்ட அறுவரில் வயோமிங், தென் கரோலினா, மிச்சிகன் மாநிலங்களைச் சேர்ந்த மூவர் கட்சிவாரி முதனிலைத் தேர்தலைச் சந்தித்தனர், மூவரும் வீழ்ந்தனர். மற்ற மூவர் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலத்தவர். அங்கே எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெறுவர். எல்லா வாக்காளர்களும் வாக்களிப்பர். முதலிரு இடம் பெறுவோர் எக்கட்சியினராயினும் நவம்பரில் மோதுவர். அம்மூவரில் டேவிட் வலடாவோ, டான் நியூஹௌஸ் இருவரும் தப்பினர். மூன்றுக்கு மூன்று என்பது புள்ளியியல் ஆகாது என்பதை அறிவேன். ஆனாலும் புறந்தள்ளக்கூடியதும் அன்று.

கட்சிக்காரர்களின் மறுப்பிலும் நியாயம் உண்டு. எங்கள் வேட்பாளரை வேற்றார் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்கின்றனர். 2000-இல் கலிபோர்னியாவின் முந்தைய முறையை உச்சநீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகவே செல்லாததாக்கியது. 2008-இல் வாஷிங்டன் மாநிலத்தின் முறையை அதே நீதிமன்றம் ஏற்றது. இதில் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் எவரும் தேர்வாவதில்லை. இறுதிச்சுற்றுக்கான இருவர் மட்டுமே தேர்வாகின்றனர் என்பதே வேறுபாடு. 2010-இல் கலிபோர்னிய வாக்காளர்களும் இம்முறையை ஏற்றனர்.

இருவர் என்ற எண்ணிக்கையில்தான் எனக்கு உடன்பாடில்லை. 2012-இல் கலிபோர்னியாவின் 31-ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் நால்வர் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, குடியரசுக் கட்சியினர் இருவரே முதலிரு இடங்களைப் பிடித்தனர். அதே தொகுதி அந்த நவம்பரில் ஒபாமாவுக்குத் தெளிவான பெரும்பான்மையை அளித்தது! துளசேந்திரபுரத்து வேர்கொண்ட கமலா ஹாரிஸ் 2016-இல் செனட் சபைக்குத் தேர்வானபோது அவரை எதிர்த்தவரும் ஜனநாயகக் கட்சியினரே. மாற்றுக்கட்சி வாக்காளர்கள் பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டனர். 2024-இல் ஆடம் ஷிஃப் தரப்பு, குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கார்வியையே முதன்மைப் போட்டியாளராகக் காட்டி விளம்பரம் செய்தது. கார்வி இரண்டாமிடம் பெற்றால் சக கட்சியின் கேட்டி போர்ட்டரை நவம்பரில் சந்திக்க வேண்டியிராது என்பதே கணக்கு. கணக்குப் பலித்தது.

அலாஸ்காவின் வழி இதைவிடச் செம்மையானது. 2020-இல் ஏற்கப்பட்ட முறைப்படி அங்கே நால்வர் இறுதிச்சுற்றுக்குச் செல்கின்றனர். வாக்காளர்கள் அவர்களை விருப்ப வரிசைப்படுத்துகின்றனர். 2022-இல் டிரம்ப் ஆதரித்த போட்டியாளரை மீறி லிசா முர்கோவ்ஸ்கி வென்றது இம்முறையில்தான்.

இவ்வளவு இருந்தும் 2024 நவம்பரில் நெவாடா, கொலராடோ, ஐடஹோ, அரிசோனா, மான்டானா, தெற்கு டகோட்டா ஆகிய ஆறு மாநிலங்களின் வாக்காளர்கள் இத்தகைய சீர்திருத்தங்களை நிராகரித்தனர். அலாஸ்காவிலேயே ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில்தான் அது பிழைத்தது. விருப்ப வரிசை மக்களைக் குழப்பிவிட்டது என்று ஆதரவாளர்கள் விளக்கம் கூறுகின்றனர். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. தெற்கு டகோட்டாவின் திட்டத்தில் விருப்ப வரிசையே இல்லை. முதலிருவர் என்ற எளிய ஏற்பாடுதான். அங்கும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எதிர்த்தனர். ஒரே கட்சி ஓங்கிய மாநிலத்தில் அக்கட்சியில் பதிவு பெற்றவரிடம் இருப்பது மதிப்புமிக்கதோர் உரிமை. வாசலைத் திறந்தால் அதன் மதிப்பு குறையும். கையிலுள்ள அரிய பொருளைப் பங்கிட எவரும் எளிதில் முன்வருவதில்லை. அறியாமையைவிடத் தன்னலமே இதில் பெரிய காரணம் என்பேன்.

எனவே, நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை. செலவுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். வரிப்பணத்தில் நடக்கும் சுற்று எல்லா வாக்காளர்களுக்கும் திறந்திருக்கட்டும். தம்மவர் மட்டும் கூடித் தேர்வு செய்ய விரும்பும் கட்சி, தன் செலவில் மாநாடு நடத்தித் தன் விருப்ப வேட்பாளரை அறிவிக்கட்டும். இது நடவாத காரியமன்று. வர்ஜீனியா மாநிலக் குடியரசுக் கட்சி 2021-இல் ஆளுநர் வேட்பாளராக கிளென் யங்கினைக் கட்சி மாநாட்டின் வழியேதான் தேர்ந்தெடுத்தது. அவர் பொதுத்தேர்தலிலும் வென்றார்.