தனித் தட்டு யாரைக் காப்பாத்துது?

காசநோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைக்கிற வீடுகளுக்கும், "ஆறு மாசம் கழிச்சு வா, பாக்கலாம்"னு வேலையை விட்டு அனுப்புற ஒப்பந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நெய்வேலிப் பக்கம் ஓ.பி.யில உக்காந்தா அடிக்கடி காதுல விழுற வேண்டுகோள் ஒண்ணு: "சர்டிபிகேட்ல டி.பி.னு மட்டும் போட்றாதீங்க டாக்டர், நெஞ்சுச் சளினு எழுதிக் கொடுங்க." கேக்கிறவர் பெரும்பாலும் தினக்கூலி, இல்லைன்னா ஒப்பந்தத் தொழிலாளி. நோயை நினைச்சு வர்ற பயம் இல்ல அது. வேலை போயிடும்ங்கிற பயம். போகவும் செய்யுது.

வேலையை விட்டு அனுப்புறவர் இதை முன்னெச்சரிக்கைனு சொல்றார். அந்த முன்னெச்சரிக்கை தப்புனு நம்ம சென்னையிலயே நிரூபிச்சு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

1956. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவான அதே வருஷம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து சென்னையில ஒரு காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினாங்க. சேத்துப்பட்டுல இருக்கிற இன்னைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அப்போ காசநோய்னா சானடோரியம்தான் வழி: நல்ல காத்து, ஓய்வு, முட்டை, பால். (தாம்பரம் பக்கத்துல ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர்தான் இன்னும் இருக்கு.) ஆனா நாட்டுல இருந்த நோயாளிகளுக்கு சானடோரியம் கட்டிலை எங்க போய்த் தேடுறது?

அதனால ஏழை நோயாளிகளை ரெண்டு குழுவா, குலுக்கல் முறையில பிரிச்சாங்க. ஒரு குழு சானடோரியத்துக்கு. இன்னொரு குழு வீட்டுக்கு, அதே மாத்திரைகளோட. வீடுனா நெருக்கடியான சின்ன வீடு, குடும்பத்தோட ஒண்ணா படுக்கை, அரைகுறைச் சாப்பாடு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா நோய் அடங்கினவங்க சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86. முடிவு 1959-ல வெளியாச்சு. உலகமே சானடோரியத்தை மூட ஆரம்பிச்சதுல இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு இருக்கு.

எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது அடுத்த பகுதி. அந்தக் குடும்பங்களை அஞ்சு வருஷம் பின்தொடர்ந்தாங்க. வீட்டுலயே சிகிச்சை எடுத்தவரோட மனைவி, பிள்ளைகளுக்கு நோய் கூடுதலா வந்துச்சா? இல்ல. ரெண்டு பக்கமும் வித்தியாசம் கிடையாது.

ஏன்னா பரவ வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே பரவிடுது. இருமும்போது காத்து வழியாப் போற கிருமி இது, தட்டு வழியாப் போறதில்ல. சரியான மாத்திரை ஆரம்பிச்சா சில வாரங்கள்ல பரப்புற தன்மை வேகமா குறைஞ்சிடும். அதுவரைக்கும் மாஸ்க், திறந்த ஜன்னல். (மருந்துக்குக் கட்டுப்படாத வகை வேற கதை. அப்படி இருந்தா நாங்களே சொல்லுவோம்.)

"அப்போ சாப்பாடு முக்கியமில்லையா?"னு கேப்பீங்க. மாத்திரை வேலை செய்யுமான்னு பார்த்த ஆய்வு அது. யாருக்கு நோய் வருது, யார் சாகுறாங்கங்கிறது வேற கேள்வி. அதுக்கு 2023-ல லான்செட்ல பதில் வந்துச்சு. ஜார்க்கண்டுல, நோயாளியோட குடும்பத்தாருக்கு மாசம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தாங்க. குடும்பத்துல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது. அரிசி, பருப்புங்க! புது மருந்து இல்ல. 1867-ல வடலூர்ல அடுப்பு பத்த வெச்சவர் ஊருக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு இதை நாம ஆச்சரியமா படிக்கிறோம்.

2022-ல தொடங்கின நம்ம 'காசநோய் இறப்பில்லா திட்டம்' முதல்ல பாக்கிறதும் இதைத்தான்: ரொம்ப மெலிஞ்சிருக்காரா, மூச்சு வாங்குதா, தானா எழுந்து நிக்க முடியுதா. அப்படிப்பட்டவரை உடனே படுக்கையில சேர்க்கிறோம்.

இப்போ கணக்குப் போடுங்க. சத்துணவுக்கு அரசு தர்றது மாசம் 1000 ரூபாய், 2024 நவம்பர் வரைக்கும் 500 தான். நீங்க ஆறு மாசக் கூலியை நிறுத்துறீங்க. அந்த வீட்டுல முதல்ல குறையிறது பருப்பும் முட்டையும்தான். அதாவது அவர் பிள்ளைக்கு நோய் வர நீங்களே வழி பண்றீங்க. இதைப் பாத்துக்கிட்டு இருக்கிற பக்கத்து ஆளு, தன் இருமலை மறைக்கிறார். மெடிக்கல்ல சிரப் வாங்கிக் குடிச்சிட்டு உங்க ஷெட்லயே மூணு மாசம் இருமுறார்.

"மத்த ஆளுங்க பாதுகாப்புக்கு யார் பொறுப்பு"னு கேக்கிற ஒப்பந்தக்காரர்களே, நீங்க துரத்தினவர் மாத்திரை சாப்பிடுறவர். வேலைக்குத் தகுதினு நாங்க எழுதிக் கொடுத்தா சேத்துக்கோங்க. நோய்ப் பேரைக் கேக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமிக்கிட்டு இன்னும் உங்ககிட்ட வேலை பாக்கிறவங்களைக் கூப்பிட்டு சளி டெஸ்டுக்கு அனுப்புங்க. அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. அன்னைக்குக் கூலியை மட்டும் பிடிக்காதீங்க.