லேகியத்தை ஏன் மறைக்கிறோம்?



காத்திவாக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வது, நோயாளிக்கு ஒரு முழு நாளை விழுங்கும் பயணம். கீமோவும் ரேடியேஷனும் முடிந்த பின்னரும் அப்பயணம் ஓய்வதில்லை. மறுபரிசோதனைக்கென ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. இரு பயணங்களுக்கு இடையே வீட்டில் நடப்பதை நாம் அறிவோம். விரல் நுனிகள் மரத்துப் பொத்தான் மாட்ட இயலவில்லை. வாய்ப்புண்ணால் கஞ்சியும் இறங்கவில்லை. நின்று தொழுதவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். மருத்துவரிடம் முறையிட்டால், "போகப் போகச் சரியாகும்" என்ற ஒரு வரியே பல நேரங்களில் பதிலாகக் கிடைக்கிறது. (கூட்டத்தின் நெரிசல் நமக்கும் தெரியும், ஆயினும் அந்த ஒரு வரி போதாது.) அந்த வெற்றிடத்தில்தான் லேகியப் புட்டி வீட்டுக்குள் வருகிறது.

வரட்டும். ஆயுர்வேதத்தையோ சித்தாவையோ யுனானியையோ பழிப்பது நம் நோக்கமன்று. கீமோவின் குமட்டலை இஞ்சி ஓரளவு தணிப்பதாக ஆய்வுகளே கூறியுள்ளன. நாம் எதிர்ப்பது, அந்தப் புட்டியை மருத்துவரிடம் மறைக்கும் வழக்கத்தை. "சொன்னால் திட்டுவார்" என்கிறோம், "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்கிறோம்.

என்ன செய்யும் என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் நம் சகோதரிகள் பலர் ஐந்து ஆண்டுகளுக்குத் தமாக்சிஃபென் மாத்திரை உட்கொள்கிறார்கள். அது கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே முழு வலிமையுடன் செயல்படும். மஞ்சளின் குர்குமினை மிளகின் பைபரினோடு மருந்தளவில் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மாற்றத்தில் விளையும் பொருள் இரத்தத்தில் குறைந்ததாக 2019இல் நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியது. குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றி எவரும் அஞ்ச வேண்டாம். கவலையெல்லாம் செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றியதே. இன்னொன்று: இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தது. சிஸ்பிளாட்டினால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்கு இதுவா மருந்து?

விற்பவர்களுக்கு வருவோம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஆகவே அவர்கள் விளம்பரத்தை விடுத்து ஹதீஸை ஏந்துகிறார்கள். கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியைப் புட்டியில் ஒட்டி, "இதில் ஷிஃபா இல்லை என்பீர்களா?" என்று நம் ஈமானையே விசாரிக்கிறார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவன் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழியும் அபூதாவூதில் உள்ளதே! அதை எந்தப் புட்டியிலும் நாம் கண்டதில்லை. நோயுற்ற ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களை, ஸகீஃப் குலத்து மருத்துவரான ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அதே நூலில் அறிவிப்பு உண்டு. பேரீச்சம்பழத்தையும் குறிப்பிட்டார்கள், மருத்துவரிடமும் அனுப்பினார்கள். இரண்டில் ஒன்றை மறைக்கச் சொல்லவில்லை.

நம் மஹல்லாவில் ஒரு தாய், வலி குறைந்ததும் லேகியமே போதுமென்று இருமுறை மறுபரிசோதனையைத் தவிர்த்தார். பிள்ளைகளும் தவக்குல் என்று வாளாவிருந்தார்கள். மூன்றாம் முறை சென்றபோது நோய் எலும்பை எட்டியிருந்தது. லேகியம்தான் காரணமென நாம் சொல்லவில்லை. அது கொடுத்த நிம்மதி அவரை மருத்துவமனைக்குப் போகவிடவில்லை என்கிறோம்.

நாட்டு மருந்து வேண்டுமெனில் அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ மருத்துவமனை இருக்கிறது, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள பட்டம் பெற்ற மருத்துவர்களிடம் கீமோவின் பெயரையும் அளவையும் காட்டுங்கள். அடுத்த முறை அடையாறு செல்லும்போது, கோப்புகளோடு அந்தப் புட்டியையும் பையில் வைத்து மருத்துவரின் மேசைமீது வையுங்கள். திட்டினால் திட்டட்டும்.