உர்ர்ர்ர்...

முதல் போனஸில் எலெக்ட்ரிக் கிடார் வாங்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் ஒரே ஜாதகம்தான். முதல் மாதம் மூன்று கார்டு. இரண்டாவது மாதம் விரல் நுனியில் காய்ப்பு. மூன்றாவது மாதம், 'சவுண்டு சரியில்லையே, பிக்கப்பை மாற்றினால் என்ன?' என்று ஒரு யோசனை. வாசிப்பை மாற்றுவதைவிட பிக்கப்பை மாற்றுவது சுலபம். நாலு ஸ்க்ரூதானே!

அரக்கோணத்தில் எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். தினமும் சீசன் டிக்கெட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் போய், சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிவிட்டு, அதே 70 கிலோமீட்டர் திரும்பி வருகிறவன். மிச்ச நேரத்தில் கிடார். (மிச்சம் ஏது என்று கேட்காதீர்கள்.) புது பிக்கப் வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டி, ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தான். பாட்டு வரவில்லை. 'உர்ர்ர்ர்' என்று வந்தது.

"அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்களேன். தேனீக் கூடு மாதிரி இருக்கு."

அவன் அப்பா ரயில்வேயில் டெலிகாம் பிரிவில் இருந்து ரிட்டையர் ஆனவர். வாசலிலேயே மறித்தார். "தம்பி, வண்டி போற சத்தத்துல முப்பது வருஷம் தூங்கினவன் நான். இந்தச் சத்தத்துல தூங்க முடியல. சரி பண்ணுங்க, இல்ல வித்துக் குடுங்க."

முதலில் இந்த உர்ர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பிக்கப் என்பது பெரிய மாயமில்லை. காந்தம்; அதைச் சுற்றி தலைமுடி கனத்தில் தாமிரக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலையும். சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெரிதாக்கினால் இசை. சிக்கல் என்னவென்றால், அந்தச் சுருளுக்கு தந்தி, டிரான்ஸ்ஃபார்மர் என்ற பாகுபாடு தெரியாது. பக்கத்தில் ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், ஆம்ப்ளிஃபயரின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் எது துடித்தாலும் அதையும் பாட்டாக நினைத்து அனுப்பிவிடும்.

நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிக்கிறது. அதன் இரட்டிப்பு 100. கிடாரின் தடித்த ஆறாவது தந்தியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் 98. அதாவது நம் வீட்டு இரைச்சல் கிட்டத்தட்ட 'ஜி' ஸ்வரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 60 என்பதால் அவர்களுடையது எந்த ஸ்வரத்திலும் ஒட்டாமல் நடுவில் தொங்கும். சுருதி சுத்தத்தில் நாம்தான் ஒஸ்தி!

"அரக்கோணம்னாலே இப்படித்தாண்ணா. மேலே 25,000 வோல்ட் ஓடுதில்ல?" என்றான் தம்பி. சந்தேகம் நியாயமானதுதான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மின்கம்பி.

ஆனால் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டேய், ரயில்வேய சொல்லாதே. அந்தச் சத்தத்தை நாங்க எப்பவோ அடக்கிட்டோம்" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னது அருமையான விஷயம். 1957-ல் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் ஏ.சி. முறையைத் தேர்ந்தெடுத்தபோது முதல் தலைவலி டெலிபோன்தான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கம்பத்தில் ஓடும் டெலிபோன் கம்பிகளில் இந்த உர்ர் புகுந்துவிடும். அதனால் கம்பிகளை இறக்கி, பூமிக்கடியில் கேபிளாகப் புதைத்தார்கள். பல இடங்களில் இன்னொன்றும் செய்தார்கள். இன்ஜினுக்குப் போகும் மின்சாரம் தண்டவாளம், மண் என்று இஷ்டத்துக்குத் திரும்பாமல், பூஸ்டர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, மின்கம்பத்திலேயே கட்டிய இன்னொரு கம்பி வழியாகத் திரும்ப வைத்தார்கள். போவதும் வருவதும் பக்கத்துப் பக்கத்தில், எதிரெதிர் திசையில். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். டெலிபோன் பிழைத்தது.

கிடார்காரர்களும் இதையேதான் செய்தார்கள். 1955-ல் அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்ற இன்ஜினீயர், ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள் வைத்தார். இரண்டாவதை எதிர்ப்பக்கமாக இணைத்து, காந்தத்தையும் தலைகீழாக்கினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து அழியும். தந்தியின் ஒலி மட்டும் இரண்டு முறை புரண்டு, நேராகி, கூடும். இதற்குப் பெயர் 'ஹம்பக்கர்'.

தம்பி மாட்டியதும் ஹம்பக்கர்தான். பிறகு ஏன் உர்ர்?

நோய் கண்டுபிடிக்க ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். கிடாரின் வால்யூமை பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் கோளாறு ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ வீட்டிலோ. நின்றுவிட்டால் கிடாருக்குள். தம்பிக்கு நின்றது. அடுத்து, தந்தியைத் தொடுங்கள். நம் உடம்பே ஒரு ஏரியல். தந்தி ஒழுங்காக கிரவுண்டில் சேர்ந்திருந்தால், தொட்டதும் இரைச்சல் குறைய வேண்டும். தம்பிக்குக் குறையவில்லை. ஒயர் சொருகும் ஜாக்கின் இரும்பைத் தொட்டான். குறைந்தது. ஆக, தந்திக்கும் கிரவுண்டுக்கும் உறவு முறிந்திருக்கிறது. கிடாரோடு மெதுவாகச் சுற்றி நின்று பாருங்கள். திசைக்குத் திசை சத்தம் மாறினால், பக்கத்தில் எதோ டிரான்ஸ்ஃபார்மர் பாடுகிறது. தள்ளி உட்கார வேண்டியதுதான்.

பின் மூடியைத் திறந்தோம். பழைய பிக்கப்பை எடுக்கும்போது, தந்தி உட்காரும் பிரிட்ஜிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயர் அறுந்து ஓரமாகக் கிடந்தது. புது பிக்கப்பில் நாலு கலர் ஒயர், அதோடு உறையில்லாத ஐந்தாவது ஒன்று. அதைத் தம்பி நறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தான்.

"அது வேஸ்ட் ஒயர்னு நெனச்சேண்ணா. கலரே இல்லியே!"

கலரில்லாததுதான் கவசம். அது கிரவுண்டில் சேராவிட்டால் மற்ற நாலும் நடுத்தெருவில் நிற்கும். கலர் விஷயத்திலும் ஜாக்கிரதை. ஒரு கம்பெனிக்குக் கறுப்பு உயிர் ஒயர், இன்னொரு கம்பெனிக்குச் சிவப்பு. பெட்டியோடு வரும் காகிதம் வடை மடிக்க அல்ல.

இரண்டு ஒயரையும் வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் பற்றவைத்தோம். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட் இரும்பால் நன்றாகச் சூடாக்கி, பிறகுதான் ஈயம். வழவழவென்று மின்னினால் நல்ல பற்று. சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் அது ஒட்டவில்லை, நடிக்கிறது. மீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளி இரும்புக்கும் வைத்தால் 'பீப்' என்றது. உர்ர் போயிற்று. அப்பா முகத்தில் தூக்கக் களை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சந்தோஷத்தில் தம்பி பக்கத்தில் இருந்த மைக்கில் பாடப் போனான். உதடு பட்டதும், "ஆ!" சுருக்கென்று அடித்தது.

இப்போதுதான் தந்தி கிரவுண்டில் சேர்ந்திருக்கிறது. அந்தக் கிரவுண்டு ஆம்ப்ளிஃபயரின் உடம்பு. அது பூமியில் சேர்ந்திருக்கிறதா? பிளக்கில் மூன்று கால் இருந்தது. சுவரில் மூன்று ஓட்டையும் இருந்தது. எலெக்ட்ரீஷியனை அழைத்துக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. அலங்காரம்! ஆம்ப்ளிஃபயரில் கசிந்த மின்சாரம் தந்தியில் காத்திருந்து, கையில் ஏறி, உதட்டில் இறங்கியிருக்கிறது.

இது விளையாட்டில்லை. 1972 மே மாதம் வேல்ஸில் ஸ்வான்ஸீ நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர் மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் முன்னால் இறந்துபோனார். வயது 27.

இரைச்சல் நிற்க எர்த் காலை வெட்டிவிடு என்று உங்களுக்கும் யாராவது யோசனை சொல்வார்கள். சில சமயம் நிற்கவும் நிற்கும். கூடவே நீங்களும். எனவே பிக்கப் வாங்கும் காசில் கொஞ்சம் ஒதுக்கி, வீட்டுக்கு எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டிவிடுங்கள். வாசலோரத்து எர்த் குழிக்குக் கோடையில் ஒரு குடம் தண்ணீர். அப்புறம் எந்தப் பாட்டு வேண்டுமானாலும் வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் அதற்கு மட்டும் எர்த் கிடையாது.