அணுக்களின் அணிவகுப்பும் காந்தத்தின் விருப்பமும்

விறகு பிளப்போர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மரத்தின் நாரோட்டத்தைப் பின்பற்றிக் கோடரியைப் போட்டால் ஒரே அடியிற் கட்டை இரண்டாகும். குறுக்கே போட்டாலோ கை நோகுமேயன்றிக் கட்டை பிளவுறாது. மரம் ஒன்றே, திசைதான் வேறு. இரும்பு முதலிய உலோகங்களுக்கும் இத்தகைய ஓட்டம் ஒன்று உண்டெனின் வியப்பாக இருக்கின்றதன்றோ? உலோகப் பளிங்கு ஒன்று காந்தமாகும்போது எல்லாத் திசைகளையும் ஒன்றாக மதிப்பதில்லை. சில திசைகளில் எளிதில் இணங்குகின்றது. வேறு சில திசைகளிலோ வலிந்து இழுத்தாலன்றி இணங்குவதில்லை.

இதனை அளந்து காட்டியவர்களுள் முதன்மையானோர் யப்பானின் செண்டாய் நகரிலுள்ள தோகோகுப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள். 1926ஆம் ஆண்டில் கொட்டாரோ ஹொண்டா, செய்ஜி காயா ஆகிய இருவரும் இரும்பின் தனிப்பளிங்குகளை ஆராய்ந்தனர். இரும்பின் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவிலும் அமர்ந்துள்ளன. அக்கனசதுரத்தின் விளிம்பு வழியே காந்தமாக்குவது எளிது. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ளே ஊடறுத்துச் செல்லும் மூலைவிட்டத்தின் வழியே காந்தமாக்குவது கடினம். பின்னர் 1928இல் காயா நிக்கலையும் கோபாற்றையும் ஆராய்ந்தார். நிக்கலில் நிலைமை தலைகீழாக இருந்தது. மூலைவிட்டமே அங்கு எளிய வழி. கோபாற்றிலோ எளிய அச்சு ஒன்றே ஒன்றுதான்.

கோபாற்றின் இயல்பை விளங்கிக்கொள்ள விரும்பும் மாணவர்கள் சில தோடம்பழங்களை எடுத்துக்கொள்வார்களாக. ஒன்றையொன்று தொடும்படி அவற்றை நெருக்கமாகப் பரப்பி ஒரு தளம் அமையுங்கள். அத்தளத்தின் குழிகளில் இரண்டாந் தளத்துப் பழங்களை வையுங்கள். மூன்றாந் தளத்துக்கு வரும்போது இரு வழிகள் உள. முதலாந் தளத்துப் பழங்களுக்கு நேர்மேலே வைக்கலாம். அல்லது அவ்வாறு அமையாத மற்றைக் குழிகளில் வைக்கலாம். முன்னையது அறுகோண அடுக்கு; பின்னையது கனசதுர அடுக்கு. சாதாரண வெப்பநிலையிற் கோபாற்று அறுகோண அடுக்கையே மேற்கொள்கின்றது. ஏறக்குறைய 420 பாகை சதமத்துக்கு மேற் சூடாக்கினாற் கனசதுர அடுக்குக்கு மாறுகின்றது. அணுக்கள் அவையே, அடுக்கும் முறை மட்டுமே வேறு. ஆயினும் விளைவைப் பாருங்கள்! அறுகோண அடுக்கில், தளங்களுக்குச் செங்குத்தாக நிற்கும் அச்சையே காந்தம் நாடுகின்றது. அந்நாட்டத்தின் வலிமை இரும்பில் உள்ளதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. கனசதுர அடுக்கிலோ ஒன்றுக்கொன்று சமமான திசைகள் பல இருப்பதால் அந்நாட்டம் மிகவும் தளர்ந்துவிடுகின்றது.

இதற்குக் காரணம் யாது? இவ்வுலோகங்களின் காந்தத்தன்மை பெரிதும் இலத்திரன்களின் தற்சுழற்சியிலிருந்து பிறப்பது. அத்தற்சுழற்சி இலத்திரனின் சுற்றியக்கத்தோடு பிணைந்துள்ளது. சுற்றியக்கமோ சூழவுள்ள அணுக்களின் அமைப்புக்குக் கட்டுப்பட்டது. இவ்வாறே அணுக்களின் ஒழுங்கு காந்தத்தின் செவிக்கு எட்டுகின்றது.

இனி, உலோகத்தை மிக மெல்லிய படலமாக்கினால் யாது நிகழும்? அங்கே வடிவமும் ஒரு கட்டளை இடுகின்றது. காந்தம் செங்குத்தாக நின்றால், மேற்பரப்பு முழுவதும் ஒரு துருவமும் கீழ்ப்பரப்பு முழுவதும் மறு துருவமுமாகும். அதற்குச் சக்தி மிகுதியாக வேண்டுமாதலால், காந்தம் படலத்தினுள்ளே படுத்துக் கிடக்கவே முயலும். பளிங்கின் எளிய அச்சை நிமிர்த்தி நிறுத்தினாலோ, அது காந்தத்தை எழுந்து நிற்கச் சொல்லும். படலம் சில அணுத்தளங்களே உடையதாயின், ஒரு பக்கத்தில் அயலவரை இழந்த மேற்பரப்பு அணுக்களும் இவ்வழக்கிற் கட்சியாகச் சேரும். இதனை 1954இல் பிரெஞ்சு அறிஞர் லூயி நேயல் முன்னரே எடுத்துரைத்தார். இக்கட்சிகளுள் வல்லது எதுவோ அதுவே வெல்லும்.

இஃது ஆய்வுகூட வேடிக்கை மட்டுமன்று. கணினியின் வன்தட்டிலே செய்திகள் காந்தமணிகளின் திசைகளாகவே பொறிக்கப்படுகின்றன. முன்னாளில் அவை தட்டின் தளத்திலே படுத்திருந்தன. மிகுதியான செய்தியை அடக்க வேண்டி மணிகளைச் சிறிதாக்கியபோது ஓர் ஆபத்து நேர்ந்தது. மணி சிறுத்தால் அதன் திசையைக் காக்கும் சக்தியும் சிறுக்கும். அறையின் சாதாரண வெப்பமே அதனைப் புரட்டிவிடும். புரண்டால் எழுதியது அழியும்.

இத்தடையைத் தாண்டும் வழி மீண்டும் அதே தோகோகுப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. காந்தங்களைச் செங்குத்தாக நிறுத்தலாம் என்று 1977இல் ஷுன்-இச்சி இவசாக்கி கூறினார். கோபாற்றுடன் குரோமியத்தைச் சேர்த்தால் காந்தத்தின் செறிவு குறையும். அதனால் வடிவத்தின் கட்டளை தளர, பளிங்கின் கட்டளை வெல்லும். அண்ணளவாக இருபத்தெட்டு ஆண்டுகளின் பின், 2005இல், தோஷிபா நிறுவனம் இம்முறையில் அமைந்த வன்தட்டைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இத்தகைய தட்டுகளில் ருதேனியம் என்னும் உலோகத்தாலான அடித்தளம் உண்டு. அதுவும் அறுகோண அடுக்கினதே. அதன் மேற் படியும் கோபாற்று அணுக்கள் அதன் ஒழுங்கையே பின்பற்றி, அச்சு நிமிர்ந்து நிற்க வளர்கின்றன. ஒவ்வொரு மணியின் அகலமும் பத்து நனோமீற்றர் அளவினது. அஃதாவது, ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு.

அண்மை ஆண்டுகளில் இரும்பும் பிளாற்றினமும் கலந்த படலங்கள் இப்பணிக்கு வந்துள்ளன. இவ்விரு அணுக்களும் ஒழுங்கின்றிக் கலந்திருந்தால் காந்தத்தின் திசைநாட்டம் மிகச் சிறிது. இரும்புத் தளம் ஒன்று, பிளாற்றினத் தளம் ஒன்று என மாறிமாறி அடுக்கினாலோ, அது கோபாற்றையும் பன்மடங்கு விஞ்சுகின்றது. அவ்வுறுதி காரணமாக, எழுதும் கணத்தில் லேசர் ஒளியாற் சூடாக்கி இளக்கிய பின்பே அதன் திசையை மாற்ற இயலும்.

திருமணப் படங்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் நோயாளரின் குறிப்புகளும் இன்று இத்தகைய தட்டுகளிலே தங்கியுள்ளன. அவை அழியாதிருப்பது, கண்ணுக்கெட்டாத மணிகளுள் அணுக்கள் வரிசை பிறழாது நிற்பதனாலன்றோ! ஆதலின், ஒரு பொருளைக் காணும் மாணவர் அது எதனால் ஆயது என்று கேட்பதோடு அமையாது, எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்றும் கேட்பாராக. பாதி விடை அக்கேள்வியிலேதான் இருக்கின்றது.